கறுப்புக் கண்ணாடி கண்ணைக் காக்குமா?

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் சந்தைக்குப் போகிறவர்கள், தரையில் துணி விரித்துக் கறுப்புக் கண்ணாடிகளை அடுக்கி விற்பதைப் பார்த்திருப்பார்கள். பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்து சாமான் வாங்க வரும் விவசாயிகளும், வைத்திக்குப்பம், வம்பாகீரப்பாளையம் மீனவர்களும் அவற்றை எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். பேரம் பேசி வாங்கவும் செய்கிறார்கள். கழனியில் நிற்பவன் கண்ணாடி போட்டால் 'சினிமா நடிகர் வந்துவிட்டார்' என்று கேலி செய்த காலம் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. இது நல்லதே. ஆனால் வாங்குகிற கண்ணாடி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துதான் வாங்குகிறோமா?

இப்போது 'போலராய்டு' கண்ணாடி என்று கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மீன் பிடிப்பதற்கு ஏற்றது, கண்ணுக்கும் பாதுகாப்பு என்று சொல்லி விற்கிறார்கள். முதலாவது முழு உண்மை. இரண்டாவது பாதி உண்மை. இந்தப் பாதி உண்மையை நம்பி நம் விவசாயிகள் கண்ணை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடி செய்யும் வேலையைப் பார்ப்போம். வெயில் நேரத்தில் ஏரிக்கரையிலோ கடலிலோ நின்று பார்த்தால் தண்ணீர் பளபளவென்று மின்னிக் கண்ணைக் கூசச் செய்கிறது. தண்ணீரின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அது. இப்படித் திரும்பும் ஒளியில் பெரும் பகுதி பக்கவாட்டில், அதாவது தண்ணீர்ப் பரப்பை ஒட்டியே அதிரும் ஒளி. நெட்டுக்குத்தாகக் குச்சி நட்ட வேலியின் இடுக்கில் ஒரு கயிற்றை நுழைத்து மேலும் கீழுமாக உதறினால் அலை வேலியைத் தாண்டிப் போகும். பக்கவாட்டில் உதறினால் குச்சியில் தட்டி நின்றுவிடும். போலராய்டு கண்ணாடி இப்படிப்பட்ட ஒரு வேலி. பக்கவாட்டு ஒளியை நிறுத்திவிட்டு மற்றதை விடுகிறது. அதனால் பளபளப்பு மறைந்து, தண்ணீருக்குள் இருக்கும் மீனும் பாசியும் தரையும் கண்ணுக்குத் தெரிகின்றன.

பிரதிபலித்து வரும் ஒளிக்கு இந்தக் குணம் உண்டு என்பதை 1808இல் கண்டுபிடித்தவர் மாலுஸ் என்ற பிரெஞ்சுக்காரர். பாரிஸில் லக்சம்பர்க் மாளிகையின் ஜன்னல்களில் பட்டு வந்த மாலை வெயிலை ஒரு படிகத்தின் வழியாகப் பார்த்தபோது அவருக்கு இது புலப்பட்டது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921இல் கப்பலில் சென்றபோது, கடலின் நீல நிறம் வானத்தின் நிழல்தானா என்று அறிய, ஒளியை வடிகட்டும் ஒரு பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். மேற்பரப்பின் பளபளப்பு அடங்கிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. இன்று மீனவர் மூக்கில் உட்காரும் கண்ணாடி அன்று ராமன் கையில் இருந்த பட்டகத்தின் வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே தண்ணீரோடு பிழைப்பவர்களுக்கு இது வீண் ஆடம்பரம் அல்ல. நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. விடியும் முன்னே படகு இறக்கினால் சூரியன் முகத்துக்கு நேரே கடலிலிருந்து எழுகிறது. அந்த வெளிச்சத்தில் மிதக்கும் கட்டையோ அடுத்தவர் வலையின் மிதவையோ தெரியாமல் போவது உண்டு. வீச்சு வலை போடுகிறவருக்கு மீன் கூட்டம் திரும்புவது தெரிந்தால் வலை வெறுமனே விழாது. மீன் குட்டையோ இறால் குட்டையோ வைத்திருக்கும் விவசாயிக்கும் பயன் உண்டு. போட்ட தீவனம் தின்னாமல் ஓரத்தில் கிடக்கிறதா, பாசி எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது என்பதைக் கரையிலிருந்தே கவனிக்கலாம். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் இது நடக்கும். கலங்கல் தண்ணீருக்குள் எந்தக் கண்ணாடி போட்டாலும் ஒன்றும் தெரியாது.

இதில் ஒரு குறையும் உண்டு. படகில் உள்ள ஜி.பி.எஸ். கருவியின் திரை இந்தக் கண்ணாடியோடு பார்த்தால் சில கோணங்களில் இருண்டு போகும். கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். கண்ணாடியைச் சற்றே கழற்றிப் பார்த்தால் போதும்.

வாங்கும்போது போலியைக் கண்டுபிடிப்பது எளிது. பட்டப்பகலில் ஒரு வாளித் தண்ணீரின் பளபளப்பைக் கண்ணாடி வழியாகச் சாய்வாகப் பாருங்கள். கண்ணாடியைக் கையில் பிடித்துக் கால் வட்டம் திருப்புங்கள். பளபளப்பு ஒரு நிலையில் மறைந்து இன்னொரு நிலையில் திரும்ப வந்தால் அது உண்மையான போலராய்டு. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறும் சாயம். வாளி இல்லாவிட்டால் கடைக்காரரின் கால்குலேட்டரே போதும். கண்ணாடியைத் திருப்பத் திருப்ப எண்கள் மறைந்து தோன்றும்.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. கண்புரை வளர்வதற்கு அது ஒரு காரணம். மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்து வரும் கோளாறுக்கும் அதுவே முக்கியக் காரணம். மீனவர்களிடமும் விவசாயிகளிடமும் இந்தச் சதை வளர்ச்சி அதிகம். கறுப்பு நிறம் வெளிச்சத்தைக் குறைக்கும். போலராய்டு பளபளப்பைக் குறைக்கும். புற ஊதாவைத் தடுப்பது இரண்டிலும் சேராத மூன்றாவது குணம். கண்ணாடி கறுத்திருப்பதை வைத்து அந்தக் குணம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. 'யு.வி. 400' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். பெரிய கண்ணாடிக் கடைகளில் இதைச் சோதிக்கும் சிறு கருவி உண்டு. சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தலையில் துண்டு கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி துண்டைவிட நல்லது. ஆனால் தொப்பி மேலிருந்து வருவதைத்தான் மறைக்கும். காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாவில் சுமார் 15 சதவிகிதத்தையும், கடல் நுரை 25 சதவிகிதத்தையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கீழிருந்து வருவதற்குக் கண்ணாடி வேண்டும். அதுவும் பக்கங்களில் வளைந்து கண்ணைச் சுற்றி அணைக்கும் கண்ணாடி வேண்டும்.

இவ்வளவும் வெயிலுக்குச் சொன்னது. ஆனால் விவசாயியின் கண்ணுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி உமி.

பாகூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் சந்தையில் ஆசையாகக் கறுப்புக் கண்ணாடி வாங்கினார். அறுவடை நாளில் அது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. இருட்டிய பிறகு இயந்திர விளக்கு வெளிச்சத்தில் நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தபோது கறுப்புக் கண்ணாடியை எப்படிப் போடுவது? நெல் சுணையோடு ஒரு துரும்பு கண்ணில் விழுந்தது. கசக்கினார். விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படுத்தார். மருத்துவமனைக்குப் போனது ஐந்தாம் நாள். அதற்குள் கருவிழியில் வெள்ளைப் புண் பிடித்துவிட்டது. புண் ஆறியது. பார்வை திரும்பவில்லை. அவர் வாங்கிய கண்ணாடியில் குற்றம் இல்லை. அது அந்த வேலைக்கு உரிய கண்ணாடி இல்லை, அவ்வளவுதான்.

இது ஒருவர் கதை அல்ல. 1994ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு 434 பேர் வந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி இன்னதென்று கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புண்ணை உண்டாக்கியது பூஞ்சாணம். அதிலும் முதலிடம் ஃபுசேரியம். வாழையில் வாடல் நோயை உண்டாக்கும் அதே இனத்தைச் சேர்ந்த பூஞ்சாணம்தான் இது. மண்ணிலும் பயிரிலும் இருப்பது உமியோடும் கரும்புத் தோகையோடும் சவுக்கு மிலாரோடும் வந்து கண்ணில் இறங்குகிறது. இந்தப் புண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து மேல் என்று மதுரை, புதுச்சேரி உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, நாடாமைசின் மேல் என்று 2013இல் வெளியிட்டார்கள். உலகத்துக்கே பயன்படும் இந்த ஆராய்ச்சி நம் ஊரில் நடந்ததில் பெருமை உண்டு. இத்தனை நோயாளிகள் இங்கே கிடைத்தார்களே என்பதில் வருத்தமும் உண்டு.

ஆகவே என் கருத்து இதுதான். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு கண்ணாடிதான் வாங்க முடியும் என்றால், சிறு விவசாயி வாங்க வேண்டியது கறுப்புக் கண்ணாடியும் அல்ல, போலராய்டும் அல்ல. நிறமில்லாத, பக்க மறைப்புள்ள பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியே. ஹார்டுவேர் கடைகளில் வெல்டிங், கிரைண்டிங் வேலைக்காரர்களுக்காக விற்பார்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். ஐ.எஸ். 5983 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாலிகார்பனேட் எளிதில் உடையாது. பலருக்குத் தெரியாத இன்னொரு குணமும் அதற்கு உண்டு: நிறமே இல்லாவிட்டாலும் புற ஊதாக் கதிரை அது ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். பகலில் வெயிலுக்கும் ஆயிற்று, இரவில் உமிக்கும் ஆயிற்று. கண் கூசுவதை மட்டும் அது குறைக்காது. அதற்குத் தொப்பி போட்டுக்கொள்ளலாம். மலிவான போலராய்டு வில்லைகள் பல மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தவை. அடி தாங்குவதில் பாலிகார்பனேட்டுக்கு ஈடாகாது. அவற்றைப் போட்டுக்கொண்டு கதிரடிக்க நிற்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி வில்லை உடைந்தால் அதுவே கண்ணைக் குத்தும் என்பதால் அது வேண்டவே வேண்டாம்.

'போட்டால் வேர்த்துப் புகை படிகிறது ஐயா' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மைதான். முகத்தோடு இறுக ஒட்டும் கண்ணாடியில் அந்தத் தொல்லை அதிகம். பூச்சி மருந்து தெளிக்கும்போது மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கதிரடிக்கவும், தூற்றவும், கரும்பு வெட்டவும், மல்லாட்டை பிடுங்கிக் காயவைக்கவும் மூக்குக் கண்ணாடி போலக் காதில் மாட்டும் பக்க மறைப்புக் கண்ணாடி போதும். காற்றோட்டம் இருக்கும். மண்ணோ உப்போ படிந்தால் வேட்டி நுனியால் துடைக்காமல் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கீறல் விழுந்த கண்ணாடியை யாரும் போட மாட்டார்கள்.

களத்தில் தூற்றுகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வரும் பெண்கள். அவர்கள் சந்தைக்குப் போய்க் கண்ணாடி வாங்குவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. சாக்கும் படுதாவும் எடுத்து வைக்கிற நிலத்துக்காரர் ஐந்து கண்ணாடியையும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிறவரும் டிரைவர் இருக்கைக்கு அருகில் இரண்டு கண்ணாடி மாட்டி வைக்கலாம். வாடகைக் கணக்கில் இது ஒரு செலவே அல்ல.

அப்படியும் கண்ணில் துரும்பு விழுந்துவிட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். நாக்கால் எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் கூடாது. மருந்துக் கடையில் 'கண் சிவந்திருக்கிறது' என்று சொல்லி ஏதாவது சொட்டு மருந்து வாங்குவது இன்னும் மோசம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் பூஞ்சாணத்துக்கு உரம் போட்டதாகும். நேபாளத்தில் பக்தபூர் கிராமங்களில் கண் கீறலுக்கு உடனே கிருமி எதிர்ப்புக் களிம்பு போட்டுப் பார்த்தார்கள். அதன் விவரம் 2001இல் வெளிவந்தது. 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாளுக்கு மேல் தாமதித்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது. புதுச்சேரிக்காரர்களுக்குத் தூரத்தைக் காரணம் சொல்ல வழியில்லை. தவளக்குப்பத்தில் கடலூர் சாலையிலேயே 2003 முதல் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது. ஜிப்மரும் இருக்கிறது. போகாமல் இருப்பதற்குக் காரணம் அன்றைய கூலி போய்விடுமே என்பதுதான். அறுவடைக் காலத்தில் கண்ணில் அடிபட்டவருக்கு அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்து அனுப்புவதும் நிலத்துக்காரர் பொறுப்பு என்றே சொல்வேன்.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது புதுச்சேரியில்தான். குரும்பாபேட்டில் இயங்கும் அந்த நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள். விதை நேர்த்தி, தெளிப்பான் செய்முறை காட்டும்போது மேஜை மேல் ஒரு வாளித் தண்ணீரும் மூன்று கண்ணாடிகளும் வைத்துவிடுங்கள்: சந்தையில் வாங்கிய கறுப்பு ஒன்று, போலராய்டு ஒன்று, நிறமில்லாத பாலிகார்பனேட் ஒன்று. வருகிற விவசாயிகள் தாங்களே திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். சம்பா அறுவடைக்கு முன்னால் செய்தால் நல்லது.