நாட்காட்டி வழங்கும் தீர்ப்பு

நீதிபதி கொடுத்த தவணையை நம்பியதற்காக ஒருவர் மேல்முறையீட்டை இழக்க முடியுமா? முடியும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

ஒஹையோ மாநிலத்தில் கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற பவுல்ஸ் என்னும் கைதி, கூட்டாட்சி நீதிமன்றத்தில் தம் மனு தள்ளுபடியானபின் மேல்முறையீடு செய்ய விழைந்தார். முதற்கெடு தவறிவிட்டது, மறுவாய்ப்பு வேண்டினார். சட்டப்படி நீதிபதி தரத்தக்கது 14 நாட்கள். அவரோ 17 நாட்கள் எனக் கணக்கிட்டு, இறுதித் தேதியையும் ஆணையிலேயே குறித்துவிட்டார். அத்தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே மனு சென்று சேர்ந்தது. ஆயினும், 14 நாட்கள் கடந்துவிட்டமையால் அதனைக் கேட்கும் அதிகாரமே இல்லையென ஐந்து நீதிபதிகள் கூறினர். மாறுபட்ட நால்வருக்காக எழுதிய நீதிபதி சூட்டர், மனிதர்களை இவ்வாறு நடத்துவது பொறுக்கவொண்ணாதது என்றார். பிழை செய்தவர் நீதிபதி. தண்டம் இறுத்தவர் கைதி!

இஃது ஏதோ ஒரு குமாஸ்தாக் குளறுபடி என ஒதுக்கிவிட நாம் ஆயத்தமாக இல்லை. அங்கே மாநில நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர், மாநிலத்து மேல்முறையீடுகள் அனைத்தும் தோற்றபின், தம் அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டதெனக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுக்கலாம். (நம் நாட்டில் இச்சொல்லைக் கேட்டதும் விசாரணையின்றி அடைக்கப்பட்டோரே நினைவுக்கு வருவர், அங்கோ அது தண்டனை பெற்றோரின் கடைசிக் கதவு.) அக்கதவைக் குறுக்கிய சட்டம் 1996 ஏப்ரலில் கிளிண்டனின் கையொப்பம் பெற்றது. முந்தைய ஆண்டில் ஓக்லஹோமா நகரில் 168 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்பின் சினம் ஆறாத நேரம் அது. பயங்கரவாதத்தின் பெயரால் பிறந்த சட்டம், சாதாரணத் திருட்டு வழக்கின் கைதிக்கும் ஓராண்டுக் கெடு விதித்தது. மாநில நீதிமன்றத்தின் முடிவு தவறு என்று காட்டினாலும் போதாது. அறிவுக்கே ஒவ்வாத தவறு என்று காட்டவேண்டும் என்றது.

இத்துணைச் சிக்கலான வழியில் கைதிக்குத் துணையாவது உண்டா? முதல் மேல்முறையீடு வரை ஏழைக்கு வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. அதன் பிறகு அவ்வுரிமை இல்லையென 1987ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் கைகழுவிவிட்டது. எழுத்தறிவு குறைந்தோர் பலர் சிறை நூலகத்தில் அமர்ந்து தாமே மனு எழுதுகின்றனர்.

"வழக்கென்றால் முடிவு வேண்டாவா? கொலையுண்டவரின் குடும்பம் எத்தனை காலம் காத்திருக்கும்?" என்பர் சிலர். நியாயமான கேள்விதான். அவர்கள் கோல்மன் வழக்கையும் காட்டுவர். வர்ஜீனியாவில் அவருடைய வழக்கறிஞர்கள் மேல்முறையீட்டை மூன்று நாள் தாமதமாகத் தாக்கல் செய்தனர். அப்பிழை கட்சிக்காரரையே சாரும் என்று 1991இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே மரணதண்டனை நிறைவேறிற்று. 2006இல் நடந்த மரபணுச் சோதனை அவர் குற்றவாளிதான் என உறுதிசெய்தது. இதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் 1991இல் கதவைச் சாத்தியவர்கள் அவரது குற்றத்தை ஆராய்ந்தா சாத்தினார்கள்? நாட்களை எண்ணியன்றோ சாத்தினார்கள்! அதே எண்ணிக்கை குற்றமற்றவனையும் அப்படியே வெளியே நிறுத்தும்.

அரிசோனாவில் நான்கு வயதுக் குழந்தையின் மரணத்திற்காக 1995இல் தண்டிக்கப்பட்டு, மரணதண்டனையை எதிர்நோக்கி இருந்த ஒருவரின் கதையைப் பாருங்கள். விசாரணையில் வாதாடிய வழக்கறிஞர் மருத்துவச் சான்றுகளைச் சரிவர ஆராயவில்லை. பின்னர் வந்த மாநில வழக்கறிஞரும் அக்குறையை எடுத்துக்காட்டவில்லை. கூட்டாட்சி நீதிபதி பல நாட்கள் புதுச் சான்றுகளைக் கேட்டு, மறுவிசாரணை நடத்துக, இன்றேல் விடுவித்திடுக என்று 2018இல் ஆணையிட்டார். 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றத்தின் அறுவர் அவ்வாணையைத் துடைத்தெறிந்தனர். மாநிலத்தில் அப்போதே முன்வைக்காத சான்றைக் கூட்டாட்சி நீதிமன்றம் பார்க்கலாகாதாம்! முன்வைக்கத் தவறியவர் வழக்கறிஞர் என்பது அவர்களுக்குப் பொருட்டாகவில்லை.

அம்மனிதர் 2023இல் சிறையினின்று வெளியே வந்தார். குழந்தைக்கு மருத்துவ உதவி தேடாத குற்றத்தை ஒப்புக்கொண்டு, அரசுத் தரப்போடு செய்துகொண்ட உடன்பாட்டினால் வந்தார். ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்காகத் திறக்கப்பட்டிருக்கவேண்டிய கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவு அன்றும் மூடியே இருந்தது.