ஜீனைப் படிக்கும் வேலை எங்கே முடியணும்? ஓர் எழுத்து மாறினாலும் ரத்தசோகைதான்!

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்: சரக்கு ரயில் பிரேக் போட்டதும் நிற்காது, கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். நம் செல்லுக்குள் ஜீனைப் படித்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும் பாலிமரேஸ் நொதியும் அப்படித்தான்.

எங்கே முடிப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? நகலின் கடைசியில் 'ஏ-ஏ-யு-ஏ-ஏ-ஏ' என்று ஆறெழுத்து சிக்னல் வரும். 1976-ல் பிரவுட்ஃபுட், பிரவுன்லீ இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். சிக்னலைத் தாண்டி 10 முதல் 30 எழுத்துக்குள் ஒரு புரதக் குழு நகலை வெட்டி எடுத்துவிடும். பாலிமரேஸோ இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பின்னால் நீளும் மிச்ச இழையை எக்ஸ்.ஆர்.என்.2 என்ற நொதி தின்றபடியே துரத்தும். எட்டிப் பிடித்ததும் பாலிமரேஸ் டி.என்.ஏ.வை விட்டு விலகும். மனித செல்களில் இதற்கான ஆதாரம் 2004-ல் வெளியானது.

சரி, இது நமக்கு எதுக்கு?

அந்த ஆறெழுத்தில் மூன்றாவதான 'யு', 'சி' ஆனால் பீட்டா தலசீமியா வரும் என்று 1985-லேயே தெரிந்துவிட்டது. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் நகல் சுமார் 900 எழுத்து நீண்டுவிடும். ஹீமோகுளோபினுக்கு வேண்டிய புரதம் குறையும்.

இந்தியாவில் இந்நோய்க்கு அதிகம் காரணமாவது இந்தப் பிழை அல்ல; நகலின் துண்டுகளை ஒட்டும் இடத்தில் வரும் இன்னொரு எழுத்துப் பிழை. எதுவானாலும், தீவிர பாதிப்புள்ள குழந்தைக்குச் சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றணும். தாய், தந்தை இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு.

கேரியர்கள் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ரத்த அணுக்கள் மட்டும் சிறிதாக இருக்கும். இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படியே இருப்பதால், மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது சுலபம். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிற வடசென்னையில், கர்ப்பிணியின் முதல் ரத்தப் பரிசோதனையோடு ஹீமோகுளோபின் ஏ2 அளவையும் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். அது கூடுதலாக இருந்தால் கணவருக்கும் பார்க்கணும். ஜீன் பரிசோதனை தேவைப்பட்டால், வழக்கமான நாலைந்து பிழைகளோடு நிறுத்தக்கூடாது. ஜீனின் கடைசி ஆறெழுத்து வரை படிக்கணும்.

மாத்திரை சாப்பிட்டும் ரத்தசோகை சரியாகலையா? அடுத்த முறை டாக்டரிடம் இந்த டெஸ்ட்டைக் கேளுங்கள்.