மீனுக்குப் புண்ணாக்கு: கடல் பிழைத்ததா?

வளர்ப்பு மீனுக்கு மீன் தூளைக் குறைத்துவிட்டோம், சோயாவைப் போடுகிறோம், இனிக் கடலுக்குக் கவலையில்லை என்று தீவனக் கம்பெனிகள் தம்பட்டம் அடிக்கின்றன. வாஸ்தவம்தான், குறைத்திருக்கிறார்கள். நார்வே நாட்டுச் சால்மன் தீவனத்தில் 1990-ல் பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வந்தது. 2013-ல் அது சுமார் மூன்று பங்காயிற்று. ஏன் குறைத்தார்கள்? கடல்மீது இரக்கம் பிறந்தா? மீன் தூளின் விலை ஏறிற்று!

பெரு நாட்டின் கதையைப் பாருங்கள். சிம்போட்டே துறைமுகத்தில் வரிசையாகத் தூள் ஆலைகள். 1970-ல் மட்டும் அந்நாட்டில் நெத்திலி இன மீன் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன் பிடிபட்டது. நாலைந்து கிலோ மீனை அரைத்தால் ஒரு கிலோ தூள். பெருவின் ஏழைக் குழந்தை தின்றிருக்க வேண்டிய புரதம், மேலைநாட்டுக் கோழிக்கும் பன்றிக்கும் கப்பலேறியது. 1972-ல் எல் நினோ வந்து கடல் சூடேறியது. ஏற்கெனவே அளவுமீறிச் சுரண்டப்பட்ட கடல் கைவிரித்தது. 1973-ல் பிடிபட்டது 20 லட்சம் டன்னுக்கும் கீழே. அந்த ஆண்டே ராணுவ சர்க்கார் ஆலைகளை நாட்டுடமையாக்கிற்று. லாபம் வந்தவரை முதலாளிக்கு, நஷ்டம் வந்தபின் ஜனங்களுக்கு! 1990-களில் அவை திரும்பவும் தனியார் கைக்கே போனது வேறு கதை.

மீன் தூள் அருகியதும் சந்தை சோயாவின் மேல் விழுந்தது. 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. திகைத்துப்போன ஜப்பான் பணத்தோடு பிரேசிலுக்கு ஓடிற்று. செராடோ சமவெளியின் காடும் புல்லும் அழிந்து சோயா வயலாயின. நார்வே சால்மனின் சோயாவில் பெரும்பகுதி பிரேசிலில் விளைந்ததே.

சால்மன் ஊன் தின்னும் மீன். வெறும் சோயாப் புண்ணாக்கை அதிகம் கொடுத்தால் அதன் குடல் புண்ணாகும்; மெதியோனின் சத்தும் போதாது. ஆகவே சாராயத்தில் கழுவி, புரதத்தை 60 சதத்துக்கு மேல் ஏற்றிய சோயா வேண்டியிருக்கிறது. விஞ்ஞானிகள் இதைச் சாதித்தது பெரிய காரியம். அதை நாம் பழிக்கவில்லை. தவிடும் புண்ணாக்கும் தின்று வளரும் கெண்டைக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஆனால் கெண்டையில் அந்தக் கொள்ளை லாபம் இல்லையே!

மூட்டைக்கு மூட்டை மீன் குறைந்தாலும், பண்ணைகள் பெருகியபடியால் தூளுக்குக் கிராக்கி ஓயவில்லை. மௌரிட்டானியா, செனகல், காம்பியா கரைகளில் ஆலைகள் எழும்பின. அங்கே சாளை மீனை வாங்கிப் புகையிட்டும் உலர்த்தியும் விற்றுக் குடும்பம் காக்கும் பெண்கள், ஆலைக்காரன் கொடுக்கும் விலையைக் கொடுக்க முடியாமல் வெறுங்கூடையோடு திரும்புகிறார்கள். சோயா வந்ததால் இவர்கள் கூடையில் ஒரு மீனாவது கூடுதலாக விழுந்ததா? தம்பட்டம் அடிக்கும் கம்பெனிகள் இதற்குப் பதில் சொல்லட்டும்.