தங்க இடம் மறுப்போர் கல்வி வழங்குவரோ?

இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்களிலே இரு குரல்கள் அடிக்கடி ஒலிக்கின்றன. நாடோடி மக்களுக்கான தரிப்பிடம் எமது வட்டாரத்தில் வேண்டவே வேண்டாம் என்பது ஒன்று. அம்மக்களின் பிள்ளைகள் பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை, பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை என்பது மற்றையது. இவ்விரண்டையும் ஒரே அங்கத்தவர் ஒரே ஆசனத்திலிருந்து கூறுவதுண்டு. முதலாவது கூற்றே இரண்டாவதற்குப் பெருங்காரணம் என்பது நமது கருத்து.

கடல் கடந்த நாட்டின் விவகாரம் நமக்கேன் என்று வாசகர் கேட்கலாம். நமது உறவினர் அந்நாட்டு நகரங்களிலே வாக்காளராக இருக்கின்றனர். லண்டன் மன்றங்களில் அங்கத்தவராகவும் அமர்ந்திருக்கின்றனர். அகதிகளாய்ச் சென்றிறங்கியவர்களுக்கு, நிலையான முகவரியின்றிப் பிள்ளையைப் பாடசாலையிற் சேர்ப்பதன் அருமை தெரியாததன்று. ஆகவே அவர்கள் எப்பக்கம் கையுயர்த்துகிறார்கள் என்பது நம்மையும் சார்ந்ததே.

ஜிப்சிகள், ஐரிஷ் நாடோடிகள் என அழைக்கப்படும் இம்மக்கள் நேற்று வந்தவர்களல்லர். கென்ற் பகுதியின் ஹொப் தோட்டங்களிலும் பழத்தோட்டங்களிலும் அறுவடைக்கு உழைத்தவர்கள். இயந்திரம் வந்தது, வேலை போயிற்று. உரிமப்பத்திரமில்லாக் காணியில் சக்கர வீடுகள் நிற்பதை 1960ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. நின்ற இடமும் போயிற்று. லிபரல் கட்சியின் எரிக் லப்பொக் முன்னின்று கொணர்ந்த 1968ஆம் ஆண்டுச் சட்டமோ, தரிப்பிடம் அமைத்தல் மன்றங்களின் கடமை என விதித்தது. 1994இல் அக்கடமை நீக்கப்பட்டது. கடமை நீங்கிற்று, மக்கள் நீங்கினார்களா?

2011 ஒக்ரோபரில் எசெக்ஸ் பகுதியின் டேல் பாமிலிருந்து ஏறத்தாழ 80 குடும்பங்கள் அகற்றப்பட்டன. காணி அவர்களுடையது, குடியிருக்க அனுமதிதான் இல்லை. அக்குடியிருப்பின் பிள்ளைகள் ஊர்ப் பாடசாலையிற் சேர்ந்தபோது ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டனர். வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம் என்றால் அப்பிள்ளை செய்வது யாது?

விவசாயிகளின் முறைப்பாடு பொய்யென நாம் கூறவில்லை. படலையை உடைத்து வயலிலே குப்பை கொட்டினால் எவர்தான் பொறுப்பர்? ஆனால் குழாய்நீரும் மலகூடமும் குப்பை வண்டியும் உள்ள தரிப்பிடம், வாடகையும் வரியும் செலுத்தித் தங்கக்கூடிய தரிப்பிடம், இல்லாதவிடத்தேதான் பிறர் வயல் தரிப்பிடமாகிறது. அத்துமீறித் தங்குவோரைத் தண்டிக்க 2022இல் புதிய சட்டம் வந்தது. அதன் சில பகுதிகள் மனித உரிமைக்கு மாறானவை என 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனையால் ஓர் அடி நிலமேனும் புதிதாகக் கிடைக்கவில்லை.

இனிக் கல்வியைப் பார்ப்போம். நாட்டிலேயே மிகவும் பின்தள்ளப்பட்ட பிள்ளைகள் இவர்களாயிருக்கலாம் என 1967இல் பிளவுடன் அறிக்கை எச்சரித்தது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவர்கள் 71,440 பேர். பதினாறு வயதுக்கு மேற்பட்ட இவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேர் எவ்விதக் கல்வித் தகைமையும் அற்றவர்கள். நாட்டு மக்கள் எல்லாருள்ளும் அத்தொகை நூற்றுக்கு 18 மட்டுமே.

கல்விப் பொறுப்புள்ள ஒவ்வொரு மன்றமும் பிள்ளைகளின் நலனுக்குத் தலைமை தாங்க ஓர் அங்கத்தவரை நியமித்தல் வேண்டுமென்பது 2004ஆம் ஆண்டுச் சட்டம். 2010இன் பின்னர் பாடசாலைகள் பல மன்றங்களின் ஆட்சியிலிருந்து விலகியது உண்மையே. எனினும் பாடசாலை செல்லாப் பிள்ளைகளைக் கண்டறியும் கடமை மன்றத்திடமே இருக்கிறது. அதனைக் கைகழுவ முடியாது.

கல்வித் தலைமை என்பது பரிசளிப்பு விழாவில் மாலை ஏற்பதன்று. பாடசாலைக்கு அண்மையிலே தரிப்பிடம் வேண்டுமென்று, வட்டார வாக்காளர் முகஞ்சுளித்தாலும் எழுந்து கூறுவதே தலைமை. நம்மவருள் மன்றம் ஏறியோர் இத்துணிவைக் காட்டுவார்களாக! தங்க இடங்கொடுத்த பின்னரும் பிள்ளை வராவிடின், அப்பொழுது பெற்றோரைக் கேட்கலாம்.