தொத்துநோயும் பள்ளிக்கூடப் பூட்டும்

கொரோனா என்னும் தொத்துநோய் பரவிய காலத்தில் பள்ளிக்கூடங்களை மூடி வைத்தது சரியா, தப்பா என்பதைப்பற்றி இன்னமும் ஊருக்கு ஊர் வாதம் நடந்துகொண்டுதான் இருக்கின்றது. தென்காசிக் கடைத்தெருவிலானாலும், குற்றாலத்துச் சாரலுக்கு வந்து கூடுகின்றவர்களிடத்திலானாலும் இந்தப் பேச்சை எடுத்தால் மக்கள் இரண்டு கட்சியாய்ப் பிரிந்துவிடுகின்றார்கள். ஒரு கட்சியார், "பிள்ளை உயிரோடிருந்தால் பிறகு படித்துக்கொள்ளலாம், மூடியதே சரி" என்கின்றார்கள். மற்றக் கட்சியார், "பிள்ளைகளுக்கு அந்த நோய் ஒன்றும் செய்யாது, மூடியதே தப்பு" என்கின்றார்கள். நம்மைக் கேட்டால், கேட்கவேண்டிய கேள்வியை இரு கட்சியாரும் கேட்கவில்லை என்றே சொல்லுவோம். பள்ளிக்கூடத்தை மூடியது குற்றமல்ல. மற்ற எல்லாவற்றையும் திறந்துவிட்டு அதைக் கடைசியாகத் திறந்ததுதான் குற்றம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் மூடியதை நாம் குறை கூற வரவில்லை. 2020 ஜனவரி 30ந் தேதி இந்த நாட்டின் முதல் நோயாளி கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். தென்காசிக்காரருக்குப் புளியரையைத் தாண்டினால் கேரளம். மார்ச்சு மாத நடுவில் பள்ளிக்கூடங்களுக்கு மாத முடிவு வரையில் விடுமுறை என்று உத்தரவு பிறந்தது. அந்தச் சமயம் இந்த நோய் எந்த விதமாய்ப் பரவும், யாரை எவ்வளவு வாட்டும் என்பது எந்த வைத்தியருக்கும் நிச்சயமாய்த் தெரியாது. பிள்ளைக்கு வந்தால் இருமலோடு போகலாம்; பிள்ளை மூலமாய் வீட்டிலுள்ள பாட்டன் பாட்டிக்கு வந்தால் உயிரையே கொண்டுபோகலாம். ஆகவே, தெரியாத ஆபத்துக்கு முன் கதவைச் சாத்திக்கொண்டது புத்திசாலியின் காரியமே ஆகும். ஆனால் சாத்திய கதவுகளை எந்த வரிசையில் திறப்பது என்பதிலேதான் ஒரு சர்க்காரின் யோக்கியதை வெளியாகும். அந்த வரிசையைத் தோழர்கள் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

2020 மே 7ந் தேதி, சென்னை நீங்கலாக, சர்க்கார் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடும்படி உத்தரவிட்டது. சர்க்கார் சும்மா இருந்தார்களா? உச்சநீதிமன்றம் வரையில் போய்த் தடையுத்தரவு வாங்கி 16ந் தேதி மறுபடியும் திறந்தார்கள். செப்டம்பர் 1ந் தேதி கோயில்கள் திறந்தன. நவம்பர் 10ந் தேதி சினிமாக் கொட்டகைகள் திறந்தன. பள்ளிக்கூடமோ 2021 ஜனவரி 19ந் தேதிதான் திறந்தது. அதுவும் பத்தாவது, பன்னிரண்டாவது வகுப்புக்காரர்களுக்கு மாத்திரம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சினிமாக் கொட்டகை திறப்பதற்கு முதல் நாள், அதாவது நவம்பர் 9ந் தேதி, பள்ளிக்கூடம் திறக்கலாமா என்று பெற்றோர்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்டார்கள். கேட்டுவிட்டு, திறப்பதாய் இருந்ததையும் நிறுத்திவிட்டார்கள். தொத்துநோய் பரவுமா பரவாதா என்பது வைத்தியர் சொல்ல வேண்டியதா, கைதூக்கிச் சொல்ல வேண்டியதா? கைதூக்கித்தான் சொல்ல வேண்டுமென்றால், மதுக்கடையைத் திறப்பதற்குக் குடிகாரன் பெண்சாதியை எவராவது கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்களா என்று கேட்கின்றோம்.

நிற்க, 2021 மார்ச்சு 22ந் தேதி முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகள் மறுபடியும் மூடப்பட்டன. அதே நாட்களில் தெருத்தெருவாய்த் தேர்தல் கூட்டம் நடந்தது. ஏப்ரல் 6ந் தேதி ஓட்டுப்போட்டது எங்கே? அதே பள்ளிக்கூடக் கட்டடங்களில்தான்! வடக்கே அரித்துவாரத்தில் அந்த மாதமே கும்பமேளா நடந்தது. ஓட்டுப்போடுகின்றவனுக்கும், கங்கையில் முழுகுகின்றவனுக்கும் வராத நோய் பாடம் படிக்கின்ற பிள்ளைக்கு மாத்திரம் வரும் போலும்!

இது அ.தி.மு.க. சர்க்கார் செய்த காரியம் என்று யாரும் ஒரு கட்சியின் தலையில் போட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் தி.மு.க. சர்க்கார் வந்தது. இரண்டாவது அலை சற்றுத் தணிந்தவுடன், ஜூன் 14ந் தேதி, தென்காசி உள்பட 27 மாவட்டங்களில் மதுக்கடைகள் திறந்தன. ஜூலை 5ந் தேதி கோயில். ஆகஸ்டு 23ந் தேதி சினிமா. செப்டம்பர் 1ந் தேதி மேல்வகுப்புகள். ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் நவம்பர் 1ந் தேதி! சர்க்கார் மாறிற்று, மந்திரிகள் மாறினார்கள். வரிசை மாத்திரம் மாறவே இல்லை. முதலில் மது, பிறகு சாமி, பிறகு சினிமா, எல்லாவற்றுக்கும் கடைசியில் படிப்பு. 2020 மார்ச்சில் முதல் வகுப்பிலிருந்த ஒரு குழந்தை 19 மாதத்துக்கு மேல் வீட்டிலிருந்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில்!

இதற்குக் காரணம் என்ன? மதுக்கடை சர்க்காருக்கு வருமானம். கோயிலுக்குப் பக்தர்கள் உண்டு. சினிமாவுக்கு முதலாளிகள் உண்டு. குற்றாலத்தில் இரண்டு சாரல் காலம் அருவிக் குளிப்புக்குத் தடை இருந்ததால் விடுதிக்காரரும், பழக்கடைக்காரரும், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளியும் வயிற்றில் அடிபட்டார்கள். அவர்களுடைய கஷ்டம் மெய்யான கஷ்டமே; ஆனாலும் அவர்கள் வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓட்டு உண்டா? சங்கம் உண்டா? ஊமைப் பிள்ளையின் பங்கைக் கடைசியில் வைப்பது குடும்பத்தில் அக்கிரமமென்றால், அரசாங்கத்தில் மாத்திரம் எப்படி நியாயமாகும்?

"அப்படியானாலும் பிள்ளைகளைக் காப்பாற்றினார்களே" என்று சிலர் சொல்லக்கூடும். காப்பாற்றினார்களா என்று பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2021 ஜூன், ஜூலையில் நாடு முழுவதும் இரத்தப் பரிசோதனை செய்தது. 6 முதல் 9 வயதுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57.2 பேருக்கும், 10 முதல் 17 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு 61.6 பேருக்கும் நோய் வந்துபோன அடையாளம் இரத்தத்தில் இருந்தது. அப்போது குழந்தைகளுக்குத் தடுப்பூசியே கிடையாது. பெரும்பாலான இடங்களில் தொடக்கப் பள்ளிகள் பூட்டிக்கிடந்த காலம் அது. பள்ளிக்கூடத்துக்குப் போகாத குழந்தைகளுக்கு நோய் எந்த வழியாய் வந்தது? கடைக்கும், கொட்டகைக்கும், கூட்டத்துக்கும் போய்வந்த பெரியவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆகவே பிள்ளைகள் நோய்க்கும் ஆளானார்கள், படிப்பையும் இழந்தார்கள். இதற்குப் பெயர் காப்பாற்றுதலா?

இனி, பள்ளிக்கூடத்தில் நோய் பரவவே பரவாது என்கின்ற கட்சியாருக்கும் ஒரு வார்த்தை. பரவும். மூடிய அறையில் 40 பேர் உட்கார்ந்து ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்தால் பரவாமல் என்ன செய்யும்? இந்த நோய் காற்றில் பரவுவதல்ல என்று 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே அடித்துச் சொல்லிற்று. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் அதை மறுத்து எழுதினார்கள். 2021 ஏப்ரல் முடிவில், காற்றோட்டமில்லாத அறைகளில் காற்றின் வழியாகவும் பரவக்கூடும் என்று மேற்படி நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அத்தாட்சி கிடைத்ததும் தன் சொல்லைத் திருத்திக்கொள்வதுதான் விஞ்ஞானத்துக்குப் பெருமை. சாஸ்திரமாயிருந்தால், சொன்னவன் ரிஷி, மறுத்தவன் நாஸ்திகன் என்று முடித்திருப்பார்கள்.

காற்று என்று தெரிந்தபின் செய்யவேண்டியது என்ன? சன்னலைத் திறப்பது, எதிர்ச் சன்னல் இல்லாத சுவரில் சன்னல் வைப்பது, மரத்தடியில் வகுப்பு நடத்துவது, வகுப்பைப் பிரித்து முறை வைப்பது. ஆனால் நடந்தது என்ன? தெருவில் மருந்துத் தண்ணீர் தெளித்தார்கள். அய்ந்தருவியின் திறந்த வெளிக்குத் தடை நீடித்திருக்கும்போதே, நாலு சுவருக்குள் காற்றடைத்த சினிமாக் கொட்டகைக்கு அனுமதி கொடுத்தார்கள். அருவியில் கூட்டம் கூடினால் ஆபத்து என்பது மெய்தான். ஆனால் அறையின் ஆபத்து அதைவிடப் பெரிது என்பதை யோசிக்கவே இல்லை. குற்றாலத்து மூலிகைக் காற்று கிருமியை விரட்டிவிடும் என்று பேசுகின்றவர்களுக்கும் சொல்லுகின்றோம்: காற்று புதிதாயிருப்பதுதான் நன்மை, மூலிகையின் வாசத்தை இந்தக் கிருமி கண்டதுமில்லை, பயந்ததுமில்லை.

மேலே இருந்தவர்கள் பாமர மக்களுக்குக் காட்டிய வழிதான் என்ன? 2020 மார்ச்சு 22ந் தேதி மாலையில் கை தட்டவும் மணி அடிக்கவும் சொன்னார்கள். ஏப்ரல் 5ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். வைத்தியருக்கும் தோட்டிவேலை செய்கின்ற தொழிலாளிக்கும் மரியாதை செய்ய வேண்டுமானால் முகக்கவசமும், சம்பளமும், நோய்ப்பட்டால் படுக்கையும் கொடுப்பதல்லவா மரியாதை? இந்த வழியைப் பார்த்துத்தான் 2021 மே மாதத்தில் கோவையை அடுத்த இருகூரில் "கொரோனா தேவி" என்று ஒரு சிலையே வைத்துப் பூசை ஆரம்பித்தார்கள். அம்மை நோயை மாரியம்மாள் என்று கும்பிட்டுக் கொண்டிருந்த நாட்டில் அதை ஒழித்தது வேப்பிலையா, அம்மைக் குத்தா? 1980ல் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தபோது எந்தப் பூசாரியாவது அதற்கு உரிமை கொண்டாடினாரா?

இவற்றையெல்லாம்விட நமக்குப் பெரிய கவலை வேறொன்று. 1953ல் ராஜகோபாலாச்சாரியார் அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடே எதிர்த்து நின்றதின் பயனாய் 1954ல் காமராசர் அதை எடுத்தெறிந்தார். சட்டத்தால் நிலைநிறுத்த முடியாத அதே காரியத்தை ஒரு பூட்டு 19 மாதத்தில் செய்து காட்டிவிட்டது. கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெண்மக்கள் பீடி சுற்றுகின்றார்கள். பள்ளிக்கூடம் இல்லாத பெண்பிள்ளை தாயின் பீடித்தட்டுக்குப் பக்கத்தில் உட்காராமல் வேறெங்கே உட்காரும்? சங்கரன்கோவிலில் தறிக்காரன் பிள்ளை தறிக்கும், காட்டூரில் ஆட்டுக்காரன் பிள்ளை ஆட்டுக்கும் போகாமல் எங்கே போவான்? பணக்காரன் பிள்ளைக்குத் தனி அறையும் கம்ப்யூட்டரும் இருந்தன. கூலிக்காரன் வீட்டில் இருந்தது ஒரு போன். அதுவும் அவனோடு வேலைக்குப் போய்விட்டது. "எல்லோரும் தேர்ச்சி" என்று சர்க்கார் சொல்லிவிட்டால் எழுத்து தலையில் ஏறிவிடுமா? கிராமங்களில் எடுக்கப்பட்ட "அசர்" கணக்குப்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பிலிருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018ல் நூற்றுக்கு 10.2 பேர், 2022ல் 4.8 பேர். முன்னிருந்ததே வெட்கக்கேடு, பின்னால் வந்தது அதிலும் பாதி. பாட்டன் காலத்தில் சாதியின் பேரால் படிப்பை மறுத்தார்கள். பேரன் காலத்தில் நோயின் பேரால் மறந்தே போனார்கள்.

போனதைச் சொல்லி அழுவதற்காக இதை எழுதவில்லை. வழக்கம் மாறவில்லை என்பதற்காகவே எழுதுகின்றோம். 2023 மார்ச்சில் சளிக்காய்ச்சல் பரவியதும், புதுச்சேரி சர்க்கார் 16ந் தேதி முதல் 26ந் தேதி வரை எட்டாவது வரையுள்ள வகுப்புகளை மூடினார்கள். நாளைக்கு வேறொரு நோய் வந்தாலும் முதலில் கைபோகும் இடம் பள்ளிக்கூடப் பூட்டாகத்தான் இருக்கும். தென்காசி மாவட்டமோ 2019 நவம்பர் 22ந் தேதி பிறந்த மாவட்டம். பிறந்த நாலாவது மாதத்தில் நோய் வந்தது. 2022 ஜனவரியில் சர்க்கார் 11 புதிய மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோது அந்தப் பட்டியலிலும் தென்காசி இல்லை. ஆஸ்பத்திரி எட்டாத ஊருக்குக் காற்றோட்டமுள்ள வகுப்பறையே முதல் வைத்தியம்.

ஆகையால் தோழர்களே! பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்துக்கும், கிராமசபைக்கும் தவறாமல் போங்கள். போய், நாலு விஷயங்களைக் கேளுங்கள். எங்கள் பிள்ளை உட்காரும் அறைக்கு எதிரெதிர்ச் சன்னல் உண்டா? அறையில் கரியமில வாயு எவ்வளவு சேருகின்றது என்று கருவி வைத்து அளந்தீர்களா? காய்ச்சல் என்று வராத பிள்ளைகளின் எண்ணிக்கையை எழுதிவைத்துச் சுகாதார நிலையத்துக்கு அறிவிக்கின்றீர்களா? இனியொரு தொத்துநோய் வந்தால் பள்ளிக்கூடம் கடைசியாய் மூடப்படும், முதலாவதாய்த் திறக்கப்படும், மூடிய நாளிலும் பகலுணவு சமைத்த சாப்பாடாகவே கிடைக்கும் என்று எழுத்து மூலமாய் உத்தரவு உண்டா? "அதெல்லாம் மேலே பார்த்துக்கொள்வார்கள்" என்று யாராவது பதில் சொன்னால், மேலே இருந்தவர்கள் பார்த்த இலட்சணத்தை, மேற்சொன்ன தேதிகளோடு, அவர்கள் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டுங்கள். ஓட்டுக் கேட்டு வருகின்றவர்கள் எந்தக் கொடியோடு வந்தாலும் சரி, மதுக்கடைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தைத் திறப்பேன் என்று சொல்லத் துணிகின்றாரா என்று கேட்டுவிட்டுப் பிறகு ஓட்டைப்பற்றிப் பேசுங்கள்.