அப்பத்தா அறைக்கும் பாட்டு

காலை ஆறரை மணி. கூடத்தில் புளூடூத் ஸ்பீக்கரில் இளையராஜா ஓடிக்கொண்டிருக்கிறார். பாட்டு சரணத்துக்குள் நுழையும் நேரம் பார்த்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கிளம்புகிறார் அப்பா. அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பாட்டு விக்கி விக்கி நின்றுவிடுகிறது. "என்னங்க, பாட்டையும் கையோட கூட்டிட்டுப் போயிட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்பது அவர் காதில் விழுவதில்லை.

மதுரையில் மாடி வைத்த வீடு. கூடம், சமையலறை, மாடியில் கல்லூரிக்குப் போகும் மகளின் அறை, பின்கட்டில் அப்பத்தாவின் அறை. முன்பெல்லாம் சமையலறை அலமாரி மேல் இருந்த டிரான்சிஸ்டர் ஒன்றே வீடு முழுமைக்கும் போதுமானதாக இருந்தது. எல்.இ.டி. பல்புகளும் இன்வெர்ட்டரும் வந்தபிறகு அதில் கரகரப்பைத் தவிர எதுவும் கேட்பதில்லை. முழங்கால் வலியால் கூடத்துக்கு அதிகம் வராத அப்பத்தாவுக்கு, அதோடு காலை நேரமே ஊமையாகிப் போனது. "வீட்ல ஆள் இருக்காங்களா இல்லையான்னே தெரியலப்பா" என்று அவர் சொன்ன அன்றுதான், எல்லா அறைக்கும் பாட்டு போக வேண்டும் என்று அப்பா முடிவெடுத்தார்.

புளூடூத்தால் அது ஆகாது. அது போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கட்டிய கயிறு மாதிரி. வீட்டுக்குள் சுமார் 10 மீட்டர் வரும். குறுக்கே செங்கல் சுவர் இருந்தால் அதுவும் குறையும். போன் அடித்தால் பாட்டு நிற்கும். வைஃபை ஸ்பீக்கரின் கதை வேறு. போனில் பாட்டைத் தொட்டதும், 'இதைப் பாடு' என்கிற உத்தரவு மட்டும்தான் போகிறது. பாட்டை இணையத்திலிருந்து இழுத்துக்கொள்வது ஸ்பீக்கரே. அதன்பிறகு போன் பால் பூத்துக்குப் போனாலும் பாட்டு வீட்டிலேயே இருக்கும். (ஆப்பிளின் ஏர்பிளேயில் பெரும்பாலும் போன் வழியாகத்தான் பாட்டு ஓடும் என்பதால், அங்கே போனும் வீட்டில் இருந்தாக வேண்டும்.)

இது நேற்று வந்த சங்கதி இல்லை. அமெரிக்காவின் சோனோஸ் நிறுவனம் 2005-லேயே இப்படி அறைக்கு அறை பாட்டு அனுப்பும் கருவியை விற்கத் தொடங்கிவிட்டது. இன்று அமேசான் எக்கோ, கூகுள் நெஸ்ட், ஆப்பிள் ஹோம்பாட் என்று பல இருக்கின்றன. தள்ளுபடியில் கிடைத்ததே என்று ஆளுக்கொன்றாக வாங்கிவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. எக்கோவையும் நெஸ்ட்டையும் ஒரே குழுவில் சேர்க்க முடியாது. எந்தக் குடும்பம் என்று முடிவு செய்துவிட்டு, அந்தக் குடும்பத்துக்குள்ளேயே சம்பந்தம் பேசுவது நல்லது.

இந்த வீட்டில் கூடத்துக்குப் புது ஸ்பீக்கரே வாங்கவில்லை. துணி போர்த்தி வைத்திருந்த அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய பெட்டிகளும் நன்றாகவே இருந்தன. வைஃபையில் வரும் பாட்டை வாங்கி, ஆக்ஸ் வயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் உள்ளங்கை அளவு ஸ்ட்ரீமர் பெட்டி ஒன்று போதுமானதாக இருந்தது. நல்ல பழைய செட் இருப்பவர்கள் யாரும் அதை எடைக்குப் போட வேண்டாம். சமையலறைக்கும் அப்பத்தா அறைக்கும் மட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சின்ன ஸ்பீக்கர்கள் வந்தன.

முதல் நாளே பின்கட்டில் பாட்டு விட்டு விட்டு வந்தது. "நெட் ஸ்பீடைக் கூட்டணும்பா" என்றாள் மகள். தேவையே இல்லை. தரமான பாட்டுக்கு நொடிக்கு 320 கிலோபிட் போதும். மூன்று அறையிலும் தனித்தனியாக ஓடினாலும் 1 எம்.பி.பி.எஸ்.தான். வில்லன் வேறு இடத்தில் இருந்தான். ரூட்டர், கூடத்து மூலையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அதை எடுத்து நடுவீட்டில் ஆள் உயரத்தில் மாட்டியதும் பாதி வியாதி போனது. பின்கட்டு ஸ்பீக்கரை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றியதும் மீதியும் போனது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான். ஆனால் சுவர் தாண்டுவதில் அது நோஞ்சான். பெரிய வீடென்றால் மெஷ் ரூட்டர் வைக்கலாம். விருந்தினருக்கென்று ஒதுக்கும் 'கெஸ்ட்' வைஃபையில் ஸ்பீக்கரை இணைத்துவிட்டு, 'போனில் காட்டவே மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்களும் உண்டு. அதில் ஒரு கருவிக்கு இன்னொன்று பொதுவாகத் தெரியாது.

மூன்று ஸ்பீக்கரும் எப்படி ஒரே தாளத்தில் பாடுகின்றன? ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் கடிகாரம் இருக்கிறது. பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால்கூட நிமிடத்துக்கு 3 மில்லி செகண்ட், ஒரு மணி நேரத்தில் 180 மில்லி செகண்ட் விலகிவிடும். கோயில் குழாயில் கேட்கும் எதிரொலி போல ஆகிவிடும். அதனால் அவை ஓயாமல் ஒன்றையொன்று மணி கேட்டுச் சரிசெய்துகொள்கின்றன. பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேமித்து, ஒரே நொடியில் அவிழ்க்கின்றன. இந்தத் தாமதத்தால்தான் டி.வி. சத்தத்தை இப்படி அறை அறையாக அனுப்பினால் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்றாகிவிடுகிறது.

அப்பத்தாவுக்குப் பிடித்த ஆகாசவாணிக்கும் வழி கிடைத்தது. பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியைப் பழைய போன் ஒன்றில் போட்டு, அந்தப் போனை ஸ்ட்ரீமரின் லைன்-இன் துளையில் செருகி வைத்தார்கள். அங்கிருந்து பின்கட்டுக்கும் போகிறது. இணையத்தைச் சுற்றிக்கொண்டு வருவதால் செய்தி சில நொடிகள் பிந்தி வரும். அப்பத்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிதாக எடுத்துக்கொண்டது வேறொன்றை. ஒருநாள் அவர் ரசித்துக்கொண்டிருந்த பழைய பாட்டு நடுவில் அறுந்தது. மாடியில் மகள் அதே கணக்கில் வேறு பாட்டைப் போட்டிருந்தாள். பெரும்பாலான பாட்டுச் சேவைகளில் தனிநபர் கணக்கென்றால் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் பாடும். இன்னொரு நாள் அம்மா போனில் பேசுவதற்காகக் குழுவின் மொத்தச் சத்தத்தையும் குறைக்க, அப்பத்தா அறையும் சேர்ந்து அடங்கியது. "எனக்குன்னு கொடுத்துட்டு, திருகுற குமிழை நீங்களே வச்சிக்கிட்டா எப்படித்தா?" என்றார். கேள்வி நியாயமானது. குடும்பக் கணக்குக்கு மாறினார்கள். தொடுதிரை ஸ்பீக்கரை மாடிக்கு அனுப்பிவிட்டு, கையால் அழுத்தும் பட்டன் உள்ள ஸ்பீக்கரை அப்பத்தாவுக்கு வைத்தார்கள். பெரியவர்கள் அறைக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டனைத்தான். மைக் இருந்தால் அதை அணைக்கும் பொத்தான் எங்கே என்பதையும் காட்டிக்கொடுத்துவிட வேண்டும்.

கரண்ட் போனால் ரூட்டரும் படுத்துவிடுகிறது. மினி யு.பி.எஸ். வாங்கலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அப்பத்தா அவசரப்படவில்லை. இன்வெர்ட்டரும் ஓய்ந்துபோகிற நீண்ட மின்வெட்டில், தலைமாட்டிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்துத் திருகுகிறார். அப்போது மட்டும் அதில் துளிக் கரகரப்பும் இருப்பதில்லை.