கம்பி போட்டால் மட்டும் போதுமா?

மகளின் பல்லுக்குக் கம்பி போட்டு நாலு மாதம். மாதா மாதம் அப்புத்தளையில் ரயிலேறிப் பல் வைத்தியரிடம் போய்வருகிறோம். போன வாரம் அவள் வாயோரம் வெடித்து, கன்னத்தின் உட்புறம் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. சீனி போட்ட பிளேன்டீயைக் குடித்துவிட்டு அப்படியே தூங்கிவிடுகிற பிள்ளை.

அது கண்டிடா என்ற பூஞ்சை. சுகமாக இருக்கிற பலரின் வாயிலும் சும்மா கிடப்பதுதான். கம்பி இடுக்கில் சாப்பாடும் சீனியும் தங்கினால் பெருகிவிடும். பேராதனையில் படித்த பேராசிரியர் லக்ஷ்மன் சமரநாயக்க 1990இலேயே வாயில் வரும் இந்தப் பூஞ்சை நோய்க்கென்று ஒரு நூலைத் தொகுத்தவர்களில் ஒருவர்.

கம்பி போட்டபோது பல் துலக்கும் முறை பற்றி எங்களுக்குக் கிடைத்ததோ சிங்களத்தில் ஒரு துண்டுத்தாள். கம்பிக்கு மேலே, கீழே, இடுக்குக்குச் சின்ன பிரஷ் என்று தமிழில் ஐந்து நிமிடம் செய்துகாட்டியிருக்கலாம். லயத்துப் பிள்ளைக்குக் கம்பி போடுகிறவர்கள் அந்த ஐந்து நிமிடத்தையும் வைத்தியத்தில் சேர்க்கட்டும்.